நின்றவை மறுபடி தொடங்காத பகல்

கூனிமுனைக் கரையில் அந்த வெள்ளிக்கிழமை, காலைப் பூசைக்கு மணி அடித்து ஓய்ந்த சற்று நேரத்தில், வள்ளக்காரர் சங்கத்து வயர்லெஸ் அறையில் இருந்த ஒரே கணினியை ஜெசிந்தா அணைத்து மறுபடி போட்டாள். அது பாதி எழுந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைக் கொட்டி, ஒரு வரியில் வந்து நின்றுகொண்டது. அந்த நொடியிலிருந்து ஊரில் நின்றுபோன எதுவும் மறுபடி தொடங்க மறுத்தது.

முதலில் யாரும் அதை அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. நின்ற மிக்சி ஓடவில்லை என்றால் மிக்சி விற்றவனைத் திட்டுவார்கள், உதைத்த ஸ்கூட்டர் உறுமவில்லை என்றால் ஸ்கூட்டரின் அப்பனைத் திட்டுவார்கள், அணைத்த அடுப்பு பற்றவில்லை என்றால் தீப்பெட்டி நமத்துவிட்டது என்பார்கள், அன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் பிரசங்கத்தின் நடுவே இருமலுக்காக நிறுத்திய பங்குச்சாமிக்கு அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. அவர் கையை விரித்தபடி நிற்க, ஜனங்கள் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் நெளிய, பிரசங்கம் இவ்வளவு சுருக்கமாக முடிந்ததில் பின்வரிசைக்காரர்களுக்கு மட்டும் வருத்தமில்லை.

ஆனால் கூனிமுனை ஜனங்கள் சூட்டிகையானவர்கள், வெயில் ஏறுவதற்குள் சட்டம் என்னவென்று பிடித்துவிட்டார்கள். இன்றைக்குத் தொடங்கி நிறுத்தியது எதுவோ அது போயிற்று. இன்னும் நிறுத்தாதது எதுவோ அதை நிறுத்தாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னும் தொடங்காதது எதுவோ அதற்கு ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. எனவே எரிகிற அடுப்பை எவரும் அணைக்கவில்லை, சோறு வடித்த அடுப்பில் குழம்பு ஏறியது, குழம்பு இறக்கிய அடுப்பில் பக்கத்து வீட்டு உலை ஏறியது. மினி பஸ் ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வர, இறங்கவேண்டியவர்கள் கும்பிட்டுவிட்டுக் குதித்தார்கள். சென்னையிலிருக்கும் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி, பேச்சு தீர்ந்த பிறகும் போனை வைக்காமல், தெருவில் போகிற வருகிற கோழிகளை வர்ணித்துக்கொண்டிருந்தாள். வாய் ஓய்ந்தவர்களுக்குப் பேச்சு திரும்பவில்லை என்று தெரிந்ததும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே எல்லோரும் 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பித்தார்கள், ஊர் முழுக்கத் தேன்கூடு மாதிரி இரைந்தது. நடைக்கு இந்தச் சட்டம் ஏன் செல்லவில்லை, மூச்சுக்கும் கண் இமைக்கும் ஏன் செல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டு வம்பை விலைக்கு வாங்க அங்கே யாருக்கும் கிறுக்குப் பிடிக்கவில்லை.

இதில் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. எஸ்தாக்கியின் புருஷன் தார்சிஸ் காலையிலேயே ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கருவாடு எடுக்க உள்ளே போனவன், திரும்பி வந்து குப்பியைத் தூக்கினால் தொண்டை திறக்கவில்லை. அவன் குப்பியைப் பார்த்து அழ, எஸ்தாக்கி வெளியே ஓடிப்போய் மாதா கெபியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் வீட்டில் ஒரு காலைப்பொழுது அமைதியாகக் கழிந்தது.

ஜெசிந்தாவுக்கு நினைப்பெல்லாம் கடலில்தான் இருந்தது. விடியுமுன் போன வள்ளங்கள் எல்லாம் இந்நேரம் ஆழத்தில் வலையை விட்டுவிட்டு என்ஜினை அணைத்திருக்கும். பொழுது சாயக் கச்சான் ஏறும் என்று காலையில் வயர்லெஸில் அறிவித்ததே அவள்தான். மேற்கேயிருந்து அடித்து, வள்ளங்களைக் கரையிலிருந்து ஆழத்துக்குத் தள்ளுகிற காற்று அது, என்ஜின் எடுக்காத வள்ளம் அதில் மாட்டினால் திரும்பி வராது. அந்த வள்ளங்களில் ஒன்றில் அவள் புருஷன் இஞ்ஞாசி இருந்தான்.

வயர்லெஸ் பெட்டியைக் காலையிலிருந்து அணைக்காததால் அதற்கு உயிர் இருந்தது. அதில் ஒரே ஒரு முறை அவன் குரல் வந்தது.

"ஜெசிந்தா, என்ஜின் எடுக்க மாட்டேங்குதுட்டி. பக்கத்து வள்ளத்துலயும் இதே கததான். காத்து இப்பவே ஒரு மாதிரியா திரும்புது. நீ ஏதாவது..."

அதோடு பொத்தானை விட்டுவிட்டான், விட்டது விட்டதுதான். முனகி முனகி வாய்ப்பேச்சைக் காப்பாற்றி வைத்திருந்தாலும், காலையில் காற்று நிலவரம் சொல்லி முடித்தவள் என்பதால் ஜெசிந்தாவாலும் வயர்லெஸில் மட்டும் பதில் பேச முடியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். பக்கத்தில் நின்ற பிலோமி, இஞ்ஞாசியின் அக்காள், அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"லேய் தம்பி, கேளு, நிப்பாட்டினது எதுவும் இன்னைக்கு எடுக்காது. துடுப்புப் போடுறதுன்னா நிப்பாட்டாமப் போடு. உம் பொண்டாட்டி மிஷினைச் சரி பண்ணிட்டிருக்கா. பண்ணிருவா." கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவள் கடலைப் பார்க்கவில்லை, ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

ஊர் நின்றதற்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் இதைத் தட்டிய நேரமும் பங்குச்சாமிக்கு வாய் அடைத்த நேரமும் ஒன்று, அது போதாதா? வள்ளக்காரர்களின் பெண்டுகள் ஒவ்வொருத்தியாக வந்து வயர்லெஸ் அறையின் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள், குரல் ஓய்ந்துவிடக் கூடாதே என்று ஜெபமாலையை விடாமல் சொல்லிக்கொண்டே நின்றார்கள்.

நடந்தது இவ்வளவுதான். சங்கத்துக் கணினியில் முதலிலிருந்தே லினக்ஸ் இயங்குதளம்தான். காசில்லாமல் கிடைப்பது, திறந்து பார்த்து யாரும் திருத்திக்கொள்ளக்கூடியது. அது பழசாகி, வள்ளங்களின் இருப்பிடம் காட்டும் வரைபடம் நகராமல் முக்க ஆரம்பித்ததால், ஜெசிந்தா எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். ஏற்றும்போது ஹார்ட் டிஸ்கில் ஒரு சின்னப் பங்கு எதுவும் இல்லாமல் வெறுமனே கிடப்பதைப் பார்த்தாள். இதை எவன் வீணாக்கி வைத்தான் என்று அதையும் பெரிய பங்கோடு சேர்த்துவிட்டாள், சங்கச் செயலாளர் கஸ்பார் திருவிழா வீடியோக்களை வைக்க இடம் இல்லை என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாரே, அதற்கு ஆயிற்று என்று அவர் கொடுத்திருந்த வீடியோக்களையும் அதில் ஏற்றினாள். பிறகு, ஒவ்வொன்றாக மறுபடி அமைக்கச் சோம்பல்பட்டு, பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த பழைய அமைப்புகளை அப்படியே தூக்கி உள்ளே போட்டாள். தூத்துக்குடியில் கணினிப் படிப்பு படித்துவிட்டு இந்தக் கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், இதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டுதான் செய்திருக்கிறாள்.

கணினி அவசர நிலையில் நின்று, கட்டளை கொடு என்று கண் சிமிட்டியது. அதை அணைக்கக் கூடாது, அணைத்தால் அதோடு சரி. அவள் முதல் கட்டளையை இரண்டு கையாலும் அடித்தாள், வியர்வையைத் துடைக்க வலது கையை எடுத்தாள், திரும்ப வைத்தால் அந்தக் கை விசைகளின் மேல் சும்மா கிடந்தது. தலைமுடியை ஒதுக்கியது, சேலையை இழுத்துச் செருகியது, விசையை மட்டும் அழுத்தவில்லை. நல்லவேளை, இடது கை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தக் கையை ஓயவிடவில்லை. யோசிக்கும்போது வெற்று விசையைத் தட்டினாள், படிக்கும்போது தட்டினாள், தண்ணீரைப் பிலோமி வாயில் ஊற்றும்போதும் தட்டினாள்.

கணினியோடு மாட்டியிருந்த பிரிண்டரின் வயரைப் பிடுங்கிப் பார்த்தார்கள், பயனில்லை. புதிதாக ஏற்றியது பழுதா என்று சோதித்தாள், பழுதில்லை. நினைவகம் சரி, டிஸ்க் சரி, எல்லாம் சரி, ஆனாலும் எழவில்லை. கொட்டிய எழுத்துகளை இடது கையால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போய், எந்த வரியில் மூச்சு நின்றது என்று கடைசியில் பிடித்தாள். எழும்போது இன்னின்ன பங்குகள் இருக்கின்றனவா என்று அது பார்க்கிறது. எல்லாம் இருக்கின்றன, ஒன்று இல்லை. இல்லாத அந்த ஒன்று வரட்டும் என்று காத்திருக்கிறது. அவள் அதன் பெயரை வாய்விட்டுப் படித்தாள்.

"வருவான்."

ஜன்னலில் ஜெபமாலை தடுமாறியது. பிலோமி நெஞ்சில் கை வைத்தாள்.

"அதை என்னட்டி பண்ணினே?"

"வெறுமனே கெடந்துச்சு மைனி. சேத்துட்டேன்."

"வெறுமனேதான் கெடக்கணும்!" என்று பிலோமி கத்தினாள்.

கூனிமுனையில் எந்த வள்ளமும் முழுக்க நிறைந்து கடலில் இறங்காது. முன்பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பலகையை வெறுமையாக விடுவார்கள், அங்கே வலை வைக்கமாட்டார்கள், ஐஸ் பெட்டி வைக்கமாட்டார்கள், மீன் எவ்வளவு பட்டாலும் அங்கே கொட்டமாட்டார்கள். அதற்கு வருவான் இடம் என்று பெயர். கடலில் யாராவது மிதந்து வந்தால் இடமில்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காக. வள்ளத்தில் அப்படி இருப்பது ஜெசிந்தாவுக்கும் தெரியும். ஆனால் சங்கத்துக்குக் கணினி வந்த அன்று, வள்ளமானால் என்ன மிஷினானால் என்ன, சங்கத்துச் சொத்தில் வருவானுக்கு இடம் வேண்டாமா என்று வள்ளக்காரர்கள் ஒரே பிடியாகப் பிடித்ததும், அதை அமைத்துக் கொடுத்த பையன் சிரித்துக்கொண்டே டிஸ்கில் ஒரு துண்டை வெறுமையாக விட்டு, அது இருந்தால்தான் எழ வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு மஸ்கட்டுக்குப் போனதும் அவள் வாழ்க்கைப்படும் முன்னால் நடந்தவை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

செயலாளர் கஸ்பார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர்.

"ம்ம்... அந்த ஒரு வரியைத்தானே தேடுது? அந்த வரியை அழிச்சிட்டா?"

"அழிச்சா எழுந்திரும் அண்ணே. இப்பவே எழுந்திரும்."

"பெறகு என்னம்மா, அழி! காத்து ஏறுது தெரியுதுல்லா?"

ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் கிழக்கே சாய ஆரம்பித்திருந்தன. ஜெசிந்தா அந்த வரிக்குப் போனாள், சுட்டியை அதன் முனைக்குக் கொண்டுபோனாள். ஒரு விசை, அவ்வளவுதான், இஞ்ஞாசியின் என்ஜின் இருமிக்கொண்டு எழும். அவளுக்கு அதை அழுத்த வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அழுகை வருகிற அளவுக்கு ஆசையாக இருந்தது.

"அழிக்காத." ஜன்னலில் நின்றவள் ஒருத்தி சொன்னாள், இஞ்ஞாசியின் வள்ளத்திலேயே போயிருக்கிற பையனின் தாய். "எம் மவனும் அங்கதான் கெடக்கான், ம்ம்ம், அது உனக்குத் தெரியும். ஆனா இடம் இல்லேன்னு எழுதிப்போட்டு இந்தக் கரையில எதுவும் கெளம்புனது கெடையாது. அழிக்காத தாயி."

"பைத்தியமா உங்களுக்கு?" என்றார் கஸ்பார். "வள்ளத்துல இருக்குற இடம் வள்ளத்துலதானே இருக்கு! இது வெறும் டிஸ்க்கு!"

"இப்படியே விட்டுருங்களேன்," என்று பின்னாலிருந்து எஸ்தாக்கியின் குரல் கெஞ்சியது, "ஒரு ரெண்டு நாளைக்கு." யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள், பொத்தியதோடு அவள் பேச்சும் போயிற்று.

எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது, பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. முகம் தெரியாத யாருக்கோ ஊரே சேர்ந்து ஒதுக்கிய இடத்தை, கஸ்பார் தேர் இழுக்கிற வீடியோவுக்காகத் தூக்கிக் கொடுத்தவள் அவள்தான். இப்போது அந்த ஆளுக்கு இடமே கிடையாது என்று கைப்பட எழுதவும் வேண்டுமா? அவள் சுட்டியை அந்த வரியிலிருந்து நகர்த்தினாள்.

"வீடியோவை அழிக்கிறேன் அண்ணே."

"எதை?" என்றார் கஸ்பார். "மூணு வருஷத்துத் திருவிழாவா? நான் முன்வடம் பிடிச்சதா?" அதிர்ச்சியில் முனகுவதற்கு மறந்தார், அதோடு அவர் வாயும் அடைத்தது.

வீடியோக்கள் போயின. ஆனால் அழித்தால் மட்டும் போதாது, பெரிய பங்கைச் சுருக்க வேண்டும், அதற்குள் சிதறிக் கிடப்பவற்றை ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும், அதன் பிறகுதான் ஓரத்தில் இடம் வெட்ட முடியும். கணினி ஒதுக்க ஆரம்பித்தது. எவ்வளவு முடிந்தது என்று ஒரு எண் ஊர்ந்தது, ஊர்வது நின்றதா இன்னும் ஊர்கிறதா என்று தெரியாமல் ஜெசிந்தாவின் கண் எரிந்தது, இடது கை மரத்துப்போய்த் தட்டிக்கொண்டே இருந்தது, ஜன்னலில் அருள் நிறைந்த மரியே ஓடிக்கொண்டே இருந்தது, மினி பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது, அதில் டீசல் தீர்ந்து அது சந்தை முக்கில் செத்து நின்றபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது கரண்ட் போயிற்று. கூனிமுனையில் கரண்ட் போவது தினப்படி சமாச்சாரம், ஆனால் அன்றைக்குப் போன கரண்ட் வராது. மேஜைக்கடியில் யு.பி.எஸ். கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. அதன் பாட்டரி பழசு, எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியாது. பிலோமி குனிந்து அந்தப் பெட்டியைப் பிள்ளையைத் தடவுவது போலத் தடவிக்கொடுத்தாள்.

எண் முடிவுக்கு வந்தது. ஜெசிந்தா ஓரத்தில் ஒரு துண்டை வெட்டினாள், பழைய துண்டுக்கு இருந்த அடையாள எண்ணையே அதற்குக் கொடுத்தாள், உள்ளே எதுவும் வைக்காமல் வருவான் என்று பெயர் எழுதினாள். இனி எழலாம் என்று கட்டளை கொடுத்துவிட்டு, அன்று முதல்முறையாக இடது கையையும் எடுத்தாள். இனிமேல் அவள் செய்யக்கூடியது எதுவுமில்லை.

வெள்ளை எழுத்துகள் ஓடின. இது இருக்கிறது, சரி. அது இருக்கிறது, சரி. வருவான் இருக்கிறது.

அந்த வரியில் வந்து மறுபடி நின்றது.

"என்னட்டி?" என்றாள் பிலோமி.

"தெரியலையே மைனி." ஜெசிந்தா அந்த வரியை விரலால் காட்டினாள். "எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். இடம் இருக்குன்னு அதே சொல்லுது பாருங்க. இருக்குன்னு சொல்லிட்டுக் காத்துக்கிட்டு நிக்குது."

யு.பி.எஸ்.ஸின் கத்தல் நெருங்கி நெருங்கி வந்தது. காற்று ஜன்னல் கதவை அறைந்தது. ஜெபமாலை சொன்னவர்களில் ஒவ்வொருத்தியாகக் குரல் கம்மி ஓய்ந்தார்கள், ஓய்ந்தவள் ஓய்ந்தவள்தான், கடைசியில் அந்தப் பையனின் தாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா திரையைப் பார்க்க முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கொன்றுவிட்டேன், சோம்பல்பட்டுக் கொன்றுவிட்டேன் என்பதைத் தவிர அவள் மனசில் வேறு எதுவும் ஓடவில்லை.

பிலோமி அவள் தோளை உலுக்கினாள். திரையில் அந்த வரியின் முனையில், யாரும் எதையும் தொடாமல், பச்சையில் 'சரி' என்று விழுந்திருந்தது. அதன் கீழே வரிகள் மளமளவென்று ஓடின, வரைபடம் திறந்தது, வள்ளங்கள் புள்ளி புள்ளியாக அதில் முளைத்தன, முளைத்தவை கரையைப் பார்த்து நகர்ந்தன.

ஊர் ஒரே நேரத்தில் தொடங்கியது. மிக்சிகள் அலறின, நின்ற ஸ்கூட்டர்கள் உறுமின, கோயிலில் பங்குச்சாமி இருமிவிட்டு "ஆகவே அன்பார்ந்தவர்களே" என்றார், கஸ்பார் "முன்வடம்!" என்று கத்தினார், தார்சிஸ் குப்பியைத் தூக்கினான், எஸ்தாக்கி ஒரு பகல் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சோடு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

பொழுது இறங்கும்போது வள்ளங்கள் வந்தன. ஒவ்வொன்றும் வந்து மோதும்போது ஒருத்தி தண்ணீருக்குள் ஓடினாள். இஞ்ஞாசியின் வள்ளம் கடைசியாக வந்தது. அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இஞ்ஞாசியை இரண்டு கையாலும் அடித்தாள், அடித்துக்கொண்டே அழுதாள். அவன் அடியை வாங்கிக்கொண்டு, "பொறுட்டி, பொறுட்டி, இவரை மொதல்ல எறக்கணும்" என்றான்.

வள்ளத்தின் முன்பக்கத்தில், வருவான் இடத்தில், ஓர் ஆள் கிடந்தான். உப்பில் வெந்து தோல் உரிந்து, உதடு வெடித்து, உயிர் மட்டும் இருந்தது.

மணலில் கிடத்திக் கஞ்சித் தண்ணீரை ஊட்டும்போது இஞ்ஞாசி சொன்னான். வலையை விட்டதும் வழக்கம்போல என்ஜினை அணைத்துவிட்டு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆழத்தில் தூங்கிவிடாமல் இருக்க எல்லா வள்ளத்திலும் சத்தமாகப் போடுவதுதான். ஒரு பாட்டு முடிந்தது, அடுத்தது வரவில்லை. என்ஜினோடு மல்லாடி, ஒருவரை ஒருவர் திட்டி ஓய்ந்தார்கள், பிறகு திட்டவும் வாய் வரவில்லை. "என்ஜின் இல்ல, பாட்டு இல்ல, எங்க சத்தமும் இல்ல. கடல் அப்படி அடங்கி நான் பாத்ததே இல்ல. அப்பதான் தூரத்துல ஒரு குரல். நிப்பாட்டாம வலின்னு அக்கா சொன்னாளே, நிப்பாட்டாம வலிச்சுப் போனோம். கேனைக் கட்டிப்பிடிச்சுட்டுக் கெடந்தாரு. ரெண்டு காலையும் உள்ள இழுத்துப் போட்டோம் பாரு, யாரும் தொடல, என்ஜின் தானா எடுத்துச்சு."

ஜெசிந்தா அந்த ஆளின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கஞ்சி உள்ளே போனதும் அவன் கண் திறந்தான். பெயர் மரியதாசன், ஊர் மேற்கே குமரிப் பக்கம். குரல் காற்றாகத்தான் வந்தது.

"நேத்தும் முந்தாநேத்தும் வள்ளங்க போச்சு மக்கா. அடுத்தால, ஆள் முகம் தெரியுத தூரத்துல. தொண்ட கிழிய விளிச்சேன்." மூச்சு வாங்கினான். "பாட்டுச் சத்தந்தான் கேட்டது."

"என்ன பாட்டு?" என்றான் இஞ்ஞாசி.

குறை சொல்கிறவன் மாதிரி அல்லாமல், கேட்டதற்குப் பதிலாக, அவன் அந்த மெட்டை முனகிக் காட்டினான். அது யார் வள்ளத்தில் ஓடுகிற பாட்டு என்று கரையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். இஞ்ஞாசி மணலில் மண்டியிட்டு, கஞ்சிச் சட்டியை வாங்கி, அவன் வாயருகே பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் வெகுநேரம் அங்கே யாரும் பேசவில்லை. இந்தத் தடவை எல்லோராலும் பேச முடிந்தது.